அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில் அமைந்துள்ள மாநிலப் பல்கலைக்கழகம். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1984-இல் தமிழ்நாடு அரசின் தனிச்சட்டத்தால் நிறுவப்பட்டது. வளாகம் அட்டுவம்பட்டியில் உள்ளது. பெண்களுக்கான உயர்கல்வியும் மகளிரியல் ஆய்வும் இதன் முதன்மை நோக்கங்கள்.

பின்னணி: இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை 1916-இல் புணேயில் தோண்டோ கேசவ் கார்வே தொடங்கினார். அந்த மரபைத் தமிழ்நாட்டில் அன்னை தெரசா பல்கலைக்கழகம் தொடர்கிறது.

விவாதங்கள்: 2021-22 அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47%, தேசிய அளவில் 28.4%. தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடுதல். இந்நிலையில் தனி மகளிர் பல்கலைக்கழகம் தேவையா என்ற கேள்வி எழுகிறது. இருபாலர் கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளதால், அதன் தேவை தீரவில்லை. ஆனால் வளாகம் கொடைக்கானல் மலையில் இருப்பதால், விடுதி, போக்குவரத்துச் செலவு ஆகியவை ஏழை மாணவியருக்குத் தடையாகலாம்.

அரசு உதவி: அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. சேர்க்கையோடு நில்லாமல் பட்டம், ஆய்வு, வேலை வரை பெண்களைக் கொண்டுசேர்ப்பதே உயர்கல்வியின் அடுத்த கடமை.