பன்னிரண்டு குடம் தண்ணி

இந்த எபிசோடுல ராஜா கிடையாது, கோட்டை கிடையாது, கல்வெட்டும் கிடையாது. என் பாத்ரூம்ல கிடந்த ஒரு பழைய குளியல் தொட்டியைக் கழட்டின கதை. நம்ம ஊர் ஆளுங்க அதை 'டப்'புன்னுதான் சொல்வாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

நான் வாடகைக்கு இருக்கிறது கீழ்ப்பாக்கத்துல. ஒரு காலத்துல பெரிய பங்களா. எழுபதுகள்ல அதை அஞ்சு ஃபிளாட்டாப் பிரிச்சுட்டாங்க. எனக்குக் கிடைச்ச முதல் மாடி போர்ஷன்ல ஹால் சின்னது, பாத்ரூம் பெருசு. அதுல சுவரோரமா அஞ்சடி நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு டப். வெள்ளை எனாமல், போர் தண்ணியோட உப்புப் படிஞ்சு மஞ்சளாயிருந்தது. ரெண்டு வருஷமா அதுல நாங்க ஒரு நாள்கூட படுத்துக் குளிச்சதில்லை. ஜீன்ஸ் ஊறவைப்போம். தண்ணி வராத நாளுக்குப் பிடிச்சு வைப்போம்.

பிரச்சினை என்னன்னா, ஷவரும் குழாயும் அந்த டப்புக்கு மேலதான். குளிக்கணும்னா அதோட விளிம்பைத் தாண்டி உள்ள காலை வைக்கணும். எனக்கு அது பழகிப்போச்சு. ஆனா ஆத்தூர்ல இருக்கிற எங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு, ரெண்டு மாசம் என்கூட தங்குறதா முடிவாச்சு. ஈரமான எனாமல்ல ஒத்தைக் கால்ல நின்னுகிட்டு இன்னொரு காலைத் தூக்கி வைக்கிறதை நினைச்சுப் பார்த்தேன். அன்னைக்கே வீட்டு ஓனர் அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். 'எடுத்துடு தம்பி, பாதிச் செலவு நான் தர்றேன்'னாங்க.

வீடியோ கால்ல அம்மாவுக்கு டப்பைக் காட்டினேன். அழகா இருக்குன்னு சொல்லலை, எதுக்குன்னும் கேக்கலை. 'இது ரொம்ப எத்தனை கொடம் புடிக்கும் கண்ணு?'ன்னாங்க.

நான் இன்ஜினியர், அளக்காம விடுவேனா? இருபது லிட்டர் கேன்ல ஊத்திப் பார்த்தேன். ஒன்பது கேன், 180 லிட்டர். பதினஞ்சு லிட்டர் குடம்னா பன்னிரண்டு குடம். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'ஒருத்தருக்கா?'ன்னாங்க.

இந்த எபிசோடே அந்தக் கேள்விதான்.

முதல்ல டப் எங்கேர்ந்து வந்ததுன்னு பார்ப்போம். வார்ப்பிரும்பு தண்ணி பட்டா துருப்பிடிக்கும். அதனால சூடான இரும்பு மேல கண்ணாடித் தூளைத் தூவி, சுமார் 900 டிகிரியில உருக்கிப் பூசுவாங்க. அதுதான் எனாமல். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஜான் மைக்கேல் கோலர்ங்கிறவர் 1883ல, குதிரை தண்ணி குடிக்கிற தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வெச்சு, குளியல் தொட்டியா வித்தார்னு அந்தக் கம்பெனியே கதை சொல்லும். இந்த விஷயத்துல நெட்ல எதைப் படிச்சாலும் கொஞ்சம் உஷாரா இருங்க. 1917 டிசம்பர்ல ஹெச்.எல். மென்கென்ங்கிற பத்திரிகையாளர், அமெரிக்காவுல டப் வந்த வரலாறுன்னு சும்மா ஒரு கட்டுக்கதையை எழுதினார். ஜனங்க நம்பிட்டாங்க. 'நான் விளையாட்டுக்கு எழுதினது'ன்னு 1926ல அவரே ஒத்துக்கிட்ட பிறகும் அது புத்தகங்கள்ல ஓடிட்டே இருந்தது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு நம்ம காலத்து வியாதின்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொன்னேன்.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். டப் வெக்கிறது பெரிய விஷயமில்லை. அதை நிரப்புறதுதான் விஷயம். ஊருக்குக் குழாய் வர்றதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரங்க பங்களாவுல குளியல் அறை இருந்தது. மூலையில ஒரு சின்ன கட்டு, அதுக்குள்ள ஒரு தகரத் தொட்டி, சுவர்ல தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை. தண்ணி எப்படி வரும்? யாராவது தூக்கிட்டு வருவாங்க. வடக்கே தோல்பையில தூக்கின 'பிஸ்தி'யைப் பத்திப் படிச்சிருப்பீங்க. இங்க 'தண்ணிக்காரர்' இருந்தார், 'தண்ணிக்காரச்சி' இருந்தாங்க. அந்த ரெண்டாவது வார்த்தை துரைமார் வாயில 'டன்னிக்கெட்ச்' ஆகி, சமையல்கட்டு எடுபிடி வேலை செய்ற பொம்பளைக்கே பேரா நின்னுடுச்சு.

எங்க பாத்ரூமுக்கு ரெண்டு கதவு. ஒண்ணு பெட்ரூம் பக்கம். இன்னொண்ணு பின்பக்கம், பலகை அடிச்சு மூடினது. அதுக்கு வெளியில ஒரு இரும்புச் சுருள் படிக்கட்டு, பாதி துருப்பிடிச்சு நிக்குது. ரெண்டு வருஷமா அதை நான் ஃபயர் எக்ஸிட்னு நினைச்சுட்டு இருந்தேன். ஓனர் அம்மாதான் சொன்னாங்க. சுத்தம் பண்றவங்களும் தண்ணி தூக்கறவங்களும் வீட்டுக்குள்ள காலடி படாம நேரா பாத்ரூமுக்கு வந்து போறதுக்காகக் கட்டினது. பழைய பங்களா பின்பக்கம் இப்படி ஒரு படியைப் பார்த்தா அடுத்த தடவை கவனிங்க. ஜாதியை அளந்து கட்டின படிக்கட்டு அது. அவ்வளவு குறுகல்ல ரெண்டு கையிலயும் பாத்திரத்தோட எப்படி ஏறினாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

குழாய் வந்த கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1772ல கோட்டைக்குத் தண்ணி கொடுக்க ஏழுகிணறு திட்டம். ஏரியா பேர் இன்னைக்கும் அதுதான். 1872ல செங்குன்றம் ஏரித் தண்ணி திறந்த கால்வாய் வழியா கீழ்ப்பாக்கம் வரைக்கும் வந்து, அங்கேர்ந்து இரும்புக் குழாய்ல ஊருக்குள்ள போச்சு. வடிகட்டாத தண்ணி. மேட்லின்னு ஒரு இன்ஜினியர் பொறுப்புல மணல் வடிகட்டிகளோட கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது 1914ல. எங்க வீட்லேர்ந்து அது நடந்து போற தூரம். அதுக்கப்புறம்தான் இந்த மாதிரி வீடுகள்ல வார்ப்பிரும்பு டப் அர்த்தமுள்ள பொருள் ஆச்சு. குழாயைத் திறந்தா நிரம்பும், ஆள் வேண்டாம். சில வருஷத்துக்காவது அப்படி இருந்திருக்கும்.

நம்ம ஆளுங்க ஏன் டப்புல குளிக்கலை? தேங்கின தண்ணியில உக்கார்றது அழுக்குல உக்கார்றதுன்னு எங்க அம்மாயி சொல்வாங்க. எங்க பக்கம் 'தண்ணி வாத்துக்கிட்டேன்'னுதான் பேச்சு. தண்ணி மேல விழணும், கீழ ஓடிடணும். அதுக்காக முழுகுறது நமக்குத் தெரியாதுன்னு இல்லை. ஒருத்தரைத் தலைமுழுகுறோம், கர்ப்பமா இருந்தா முழுகாம இருக்கான்னு சொல்றோம். ஆனா முழுகினது ஆத்துலயும் குளத்துலயும். அங்கயும் எல்லாரும் இறங்கிட முடியாது. பொதுக் கிணறு, நீர்நிலையில யாரையும் தடுக்கக் கூடாதுன்னு மெட்ராஸ் மாகாணத்துல எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டம் 1938லதான் நிறைவேறுச்சு. சட்டம் வந்த மறுநாளே குளம் திறந்துடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

ஆத்தூர்ல நாங்க முழுக வேண்டிய ஆறு வசிஷ்ட நதி. நான் பொறந்ததுலேர்ந்து மழை வெள்ளம் வர்ற சில வாரம் தவிர அதுல முழுகுற அளவு தண்ணி பார்த்ததில்லை. வீட்ல புழக்கடையில ஒரு சிமெண்ட் தொட்டி, பக்கத்துல வெந்தண்ணி அடுப்பு, ஒரு சொம்பு. அந்தத் தொட்டியை நிரப்பினது அம்மா. தெருக்குழாய்ல ராத்திரி பதினோரு மணிக்கு வரும், சில நாள் ரெண்டு மணிக்கு. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. நான் முழிச்சுப் பார்க்கும்போது தொட்டி நிரம்பியிருக்கும். யார் நிரப்புறாங்கன்னு நான் யோசிச்சதே கிடையாது. ஆபரேஷன் பண்ண டாக்டர் முட்டி தேய்ஞ்சதுக்கு வயசைத்தான் காரணமா சொன்னார். எனக்கு என்னவோ இந்தக் குடக் கணக்குதான் ஞாபகம் வருது.

மெட்ராஸ்ல இந்த டப்போட அடுத்த வாழ்க்கையும் தொட்டி வாழ்க்கைதான். 'எண்பதுல, தொண்ணூறுல எல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. டப்பை நிரப்பி மேல பலகை போட்டு மூடிடுவோம், அதுலதான் ரெண்டு நாள் ஓட்டணும்'னு ஓனர் அம்மா சொன்னாங்க. பலகை ஏன்னா கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி மூடாத நல்ல தண்ணிதான் வேணும்.

அப்புறம் 2019. அப்போதான் காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜூன்ல நாலு ஏரியும் கிட்டத்தட்ட காலி. ஆபீஸ்ல தண்ணி இல்லை, வீட்லேர்ந்தே வேலை பாருங்கன்னாங்க. கொரோனாவுக்கு முன்னாடியே எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் அறிமுகமானது தண்ணியாலதான். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணி ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அது மேட்டூர் பக்கத்துக் காவிரித் தண்ணி. வில்லிவாக்கத்துலேர்ந்து குழாய் வழியா கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குத்தான் போச்சு.

சேலம் மாவட்டத்துப் பையனா எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. எங்க மாவட்டத்துத் தண்ணி இருநூறு கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி நான் இருக்கிற ஊருக்கே வருது. அந்த ரயில் முழுசையும் எங்க டப்பால வகுத்தா பதினாலாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பெரிய நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர்னு மத்திய அரசோட கையேடு சொல்லுது. குடிக்க, சமைக்க, துவைக்க, கக்கூஸுக்கு எல்லாம் சேர்த்து. டப்புல ஒரு தடவை படுத்தா அந்த நாள் கணக்கு தாண்டிடும். வெதுவெதுப்பா வேணும்னா கரண்ட் இன்னும் ரெண்டே முக்கால் யூனிட்.

கழட்டின நாளுக்கு வரேன். பிளம்பர் அண்ணன் தட்டிப் பார்த்துட்டு, 'சம்மட்டியால உடைச்சு எடுத்துடலாம் தம்பி, அரை மணி நேரம்'னார். எனாமல் கண்ணாடி மாதிரியே தெறிக்கும். அவர்கிட்ட கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது, காலுக்கு ஷூ கிடையாது. வேண்டாம், முழுசா இறக்கிடலாம்னு சொல்லி கூலி கூட்டிக் கொடுத்தேன். நாலு பேர், கயிறு, பழைய சைக்கிள் டயர். பின்னாடி சுருள் படி பக்கத்துல இருந்தும் உதவலை, டப் அதுல நுழையாது. பெட்ரூம், ஹால் வழியா முன்வாசல் படியில ஒவ்வொரு படியா இறக்கினாங்க. வேலை செய்றவங்க அந்த பாத்ரூம்லேர்ந்து முன்வாசல் வழியா வெளிய போனதை ஓனர் அம்மா வாசல்ல நின்னு பார்த்தாங்க. எல்லாருக்கும் மோர் கொடுத்தாங்க.

டப் இருந்த இடத்துல நான் எதிர்பார்க்காத ஒண்ணு இருந்தது. சிவப்பு ஆக்சைடு தரை, ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு, மூலையில சுவர் வழியா வெளிய போற ஓட்டை. டப்புக்கு முன்னாடி அங்க ஆளுங்க உக்காந்து சொம்பால ஊத்திக் குளிச்ச இடம். டப்பை அதுக்கு மேலயே தூக்கி வெச்சிருக்காங்க. பிளம்பர் அண்ணன் சிரிச்சுட்டார். 'நாம இப்ப போடப்போறதும் இதைத்தானே தம்பி'ன்னார்.

கிட்டத்தட்ட அதையேதான் போட்டோம், கட்டு மட்டும் இல்லாம. வாட்டர் ப்ரூஃபிங், வழுக்காத டைல், நானி ட்ராப் பக்கமா நல்ல வாட்டம், சுவர்ல ரெண்டு ஸ்டீல் கைப்பிடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், குழாய்க்குக் கீழ ஒரு பக்கெட். பின்கதவுப் பலகையை எடுத்துட்டு ஜன்னல் வெச்சோம். சுருள் படி அப்படியே நிக்குது. அதை வெட்டலாமான்னு ஓனர் அம்மா கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன்.

டப்பை எடுத்துட்டுப் போனது காயலான் கடை. தராசுல 124 கிலோ. வண்டியில ஏத்தும்போது கடைக்காரர் அதுக்குள்ள தட்டிப் பார்த்துட்டு, யாராவது மாட்டுக்குத் தண்ணி வெக்க வாங்கிப்பாங்க, உருக்க வேணாம்னார்.

அம்மா வந்த முதல் நாள், வெந்நீர் விளாவி வெச்சுட்டு வெளிய நின்னேன். கைப்பிடியைப் புடிச்சு உக்கார்ற சத்தம், அப்புறம் மக்ல மொண்டு ஊத்துற சத்தம். குளிச்சுட்டு வந்து தலையைத் துவட்டிக்கிட்டே, 'ஒரு பக்கெட்டுல பாதி மிச்சம் இருக்கு கண்ணு, கொட்டிராத'ன்னாங்க.