இரண்டு கன்சோல் ஒப்பந்தங்கள், இரண்டு பங்குகள்

2000 மார்ச் தொடக்கத்தில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் தம் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோலுக்கு கிராஃபிக்ஸ் சிப் செய்யும் வேலை நமக்கே கிடைத்துவிட்டது என்பது சேதி. ஊருக்குத் தெரியுமுன் சிலர் பங்கு வாங்கிக் குவித்தார்கள். பிறகு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அவர்கள்மேல் வழக்குப் போட்டது. கன்சோல் ஒப்பந்தம் என்றால் பங்கு ஏறும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

என்விடியா அப்போது வளர்ந்துகொண்டிருந்த நிறுவனம். மைக்ரோசாஃப்ட் 20 கோடி டாலரை முன்பணமாகவே கொடுத்தது. ஆனால் சிப்பின் விலை ஒப்பந்தத்தோடு கட்டுண்டது. 299 டாலருக்கு விற்கும் பெட்டியில் நஷ்டப்பட்ட மைக்ரோசாஃப்ட், சிப் விலையைக் குறைக்கச் சொல்லி 2002இல் நடுவர் மன்றம் போனது. அதே ஆண்டு ஜனவரியில் எழுபது டாலரை எட்டியிருந்த என்விடியா பங்கு, அக்டோபரில் பத்துக்கும் கீழே சரிந்தது. அதற்கு எக்ஸ்பாக்ஸ்மேல் பழிபோடக் கூடாது. போட்டியாளரான ஏடிஐயின் ரேடியான் 9700 முந்திக்கொண்டது, சொந்தப் புதுச் சிப் தாமதமானது, கணக்கு விசாரணை வேறு. இத்தனைக்கும் நடுவே பங்கைத் தாங்கிப்பிடிக்கக் கன்சோலால் முடியவில்லை. அடுத்த எக்ஸ்பாக்ஸ் ஏடிஐக்குப் போனது.

அந்த ஏடிஐயைத்தான் 2006இல் கணினிச் சிப் நிறுவனமான ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்குள்ளும் ஏஎம்டி சிப் இருந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஏஎம்டி நின்ற இடமே வேறு. முந்தைய ஆண்டு நஷ்டம் 118 கோடி டாலர். ஆஸ்டின் வளாகத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கவேண்டிய நிலை. 399 டாலர் பிளேஸ்டேஷனைப் பிரித்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், அதன் முதன்மைச் சிப்புக்கு சுமார் 100 டாலர் என மதிப்பிட்டார்கள். அதிலும் பெரும்பகுதி உற்பத்திக்கே போய்விடும். வேறு வேலைகளை விட்டுவிட்டு இதைச் செய்வதற்கு அந்த விலை கட்டாது என்று என்விடியா வெளிப்படையாகவே சொல்லி ஒதுங்கியது. ஏஎம்டியால் ஒதுங்க முடியாது.

2013 மூன்றாம் காலாண்டில் கன்சோல் சிப்கள் கிளம்பின; ஏஎம்டி 4.8 கோடி டாலர் லாபம் காட்டியது. மறுநாள் பங்கு பத்து சதவீதத்துக்கும் மேல் விழுந்தது! கணினிச் சிப் விற்பனை மெலிந்திருந்ததைத்தான் சந்தை பார்த்தது. என்னைக் கேட்டால், பங்குக்காரர்கள் இங்கே பாதியைத்தான் பார்த்தார்கள். கன்சோல் வருமானத்தில் லாப விகிதம் குறைவு, உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் வரும் பணம். வடிவமைப்புச் செலவிலும் வாடிக்கையாளர் பங்கேற்கிறார். கடனில் தத்தளிக்கும் நிறுவனத்துக்கு அதுதான் கஞ்சி. வளரும் நிறுவனத்துக்கோ அதே ஒப்பந்தம் நல்ல பொறியாளர்களைக் கட்டிப்போடும்.

2015 ஜூலையில் ஏஎம்டி பங்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. அப்போதும் கன்சோல் சிப்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஜென் என்ற புதிய கணினிச் சிப் கட்டமைப்பின் வேலையும் உள்ளே நடந்துகொண்டிருந்தது. 2017 மார்ச்சில் அது ரைசன் என்ற பெயரில் கடைக்கு வந்தது.