மேலே ஏறாத குரல்: அறிவியலைக் கதையாகச் சொன்ன திரைகள்

பள்ளிக்கூடத்தில் அறிவியலைக் கதையாகச் சொல்லித்தர வேண்டும், அதுவும் 'டிஜிட்டல் கதை'யாக என்கிற பேச்சு கல்விச் சொல்லாடலில் பலமாக அடிபடுகிறது. ஸ்மார்ட் வகுப்பறை, அனிமேஷன், மூன்று நிமிடக் காணொளி. இதை வரவேற்பதா எதிர்ப்பதா என்று நம்மவர்கள் ரெண்டு கட்சி கட்டுவதற்கு முன்னால், யார் சொல்லும் கதை இது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் பரவத் தொடங்கிய இடத்தில் அதற்கு வேறு அர்த்தம். 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நினா மல்லன் ஆகியோர் தொடங்கிய மையத்தின் பட்டறைகளுக்கு வந்தவர்கள் பார்வையாளர்கள் அல்ல. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆட்கள். வீட்டு ஆல்பத்துப் படங்களை வைத்து, சொந்தக் குரலில், ரெண்டு மூன்று நிமிடக் கதை ஒன்றைத் தாங்களே செய்து முடித்தார்கள். கருவி கைமாறுவதுதான் அதன் அரசியல். நம் வகுப்பறைக்கு வந்து சேரும்போது கதைசொல்லியைக் காணோம். கதை மட்டும் பார்சலாக வந்திருக்கிறது. ஏன் இப்படி ஆனது? கணினியில் தேடினால் விடை கிடைக்காது. அதற்கு முந்தைய திரையொன்றுக்குப் போக வேண்டும்.

1975 ஆகஸ்ட் 1. நெருக்கடி நிலை அறிவித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அன்று தொடங்கி 1976 ஜூலை 31 வரை, நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 'சைட்' என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை இஸ்ரோ நடத்தியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். (தமிழ்நாடு இதில் இல்லை.) கோழிவலைக் கம்பியில் முடைந்த மூன்று மீட்டர் அலைவாங்கி, ஊருக்கு ஒரு பெட்டி. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. நான்கு மொழிகள் பங்கு போட்டதில் ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டரை நிமிடம். பிள்ளைகளுக்கான அறிவியல் தொடர்களை இஸ்ரோவே பம்பாயில் தயாரித்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 50,000 பேருக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் இதே வழியில் நடந்தது.

இதை நெருக்கடி நிலையின் பிரச்சாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் யஷ்பால் தலைமையில் வேலை செய்தவர்கள், பாடப்புத்தகத்தைத் திரையில் ஒப்பிக்கக் கூடாது, பிள்ளையின் ஆர்வத்தைக் கிளப்ப வேண்டும் என்றே விரும்பினார்கள். நோக்கத்தில் கோளாறு இல்லை. ஆனால் அமைப்பைப் பாருங்கள். ஒரு படம், அதற்கு ரெண்டு குரல்வழி. ஒரே காட்சி ஒரே நேரத்தில் ரெண்டு மொழியில் பேசும். பிரமாதமான ஏற்பாடு. கிராமத்துப் பிள்ளையின் குரல் மேலே ஏறிப்போக மட்டும் மூன்றாவது வழி கிடையாது. ஊருக்கு ஊர் அதற்கான கருவி வைப்பது அன்றைக்குக் கட்டுப்படியாகாது என்பது நிஜம்தான். ஆனால் விலையின்மேல் ஏற்பட்ட அந்த அமைப்பே பிறகு கற்பித்தலின் இலக்கணமாகிப் போனது. மேலிருந்து வருவது அறிவு. கீழே இருப்பது ஆர்வம், அவ்வளவுதான்.

இதே மத்தியப் பிரதேசத்தில், அதே ஆண்டுகளில், திரையில்லாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 1972இல் கிஷோர் பாரதியும் ரசூலியாவில் இயங்கிய குவேக்கர்களின் ஊரக மையமும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா அதை ஏற்று நடத்தியது. 'பால் வைக்ஞானிக்' என்ற அதன் புத்தகத்தில் சோதனைகளும் கேள்விகளும் இருக்கும், விடை இருக்காது. பிள்ளைங்க செய்து பார்த்து, கூடிப் பேசி, நோட்டில் எழுதிக்கொள்வதுதான் விடை. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மனப்பாடத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு கல்விமுறைக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியுமா?

அந்தத் திட்டம் ஒரு கதாபாத்திரத்தையும் படைத்தது: சவாலிராம். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஆனால் பிள்ளைகள் அவனுக்குக் கடிதம் போட்டார்கள், பதிலும் வந்தது. இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி. தமிழுக்கு வந்த அதே சொல் அறைகூவலாகிவிட்டது. ரெண்டுமே அவனுக்குப் பொருந்தும். வழக்கமான அறிவியல் கதையில் நியூட்டனோ ராமனோ நாயகன். பிள்ளை கேட்பவன், அதாவது காதால் கேட்பவன். இங்கே பிள்ளை வாயால் கேட்கிறான். சவாலிராம் வெறும் காது. கதையாடலில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதையே இது புரட்டிப் போட்டுவிட்டது.

முப்பது ஆண்டுக்குப் பிறகு, 2002இல், மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் என்று சொல்லி அரசு அதை மூடியது. அப்போது அங்கே இருந்தது காங்கிரஸ் ஆட்சி என்பதையும் நாம் மறந்துவிட வேண்டாம். செயற்கைக்கோள் வழிக் கல்விக்கு அந்தக் கதி நேரவில்லை. கல்விக்கென்றே எஜுசாட் 2004இல் விண்ணில் ஏறியது.

நம்ம ஊருக்கு வருவோம். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, போன் இல்லாத எத்தனையோ வீடுகளில் அந்தத் தொலைக்காட்சிதான் வாத்தியார். சும்மா சொல்லக் கூடாது, அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனாலும் கோடு திறந்துவிடுவது முடிந்துபோன ஒரு காணொளியைத்தான். உப்பாகிப்போன தங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி ஒரு பெண்பிள்ளை அதே போனில் பேசிப் பதிவு செய்தால், அதை வைக்கப் பாடநூலில் எந்தப் பக்கம் இருக்கிறது? அன்றைக்குக் கட்டுப்படியாகாத அந்த மூன்றாவது வழி இப்போது அவள் கையிலேயே இருக்கிறது. வடிவமைப்பில்தான் அதற்கு இடமில்லை.

ஹோஷங்காபாத் திட்டம் போனாலும் சவாலிராம் சாகவில்லை. இந்திய மொழிகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைத் திரட்டி இணையத்தில் சேர்த்துவைக்கும் முயற்சி ஒன்றுக்குப் பின்னாளில் அவன் பெயரையே வைத்தார்கள். அங்கே முதலில் சேர்ந்தவை கேள்விகள், பதில்கள் பிறகு.