மாயாவியின் கை

வள்ளூரில் என் அத்தை வீட்டுத் திண்ணையில்தான் இரும்புக்கை மாயாவி எனக்கு அறிமுகமானான். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

சரக்கு லண்டனுடையது. 1962-ல் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கியது. சித்திரக்காரர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் பிளாஸ்கோ. கன்னங்கரேலென்ற நிழலும் பளிச்சென்ற வெளிச்சமுமாக அவர் தூரிகை என்ன ஜாலம் செய்கிறது! கதையிலோ, அவசரம் வந்த இடத்திலெல்லாம் ஒரு மின்கம்பி தயாராகக் காத்திருக்கும். கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைப் பொறுப்பேனா? "படத்துக்காகப் பார்க்கலாம்" என்று வெகுகாலம் சொல்லித் திரிந்தேன்.

சென்ற மாதம் அதே திண்ணை. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அத்தையின் பேரன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "மாமா, இவன் நல்லவனா, திருடனா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. யார் கண்ணிலும் படமாட்டோம் என்று தெரிந்ததும் ஒரு சாதாரண மனிதன் கெட்டுப்போவதல்லவா அந்தக் கதையின் ஆரம்பம்? வெறும் கை மிதந்தால் அது வேடிக்கை. திருடப் போகும் கை என்று தெரிந்தால்தானே நெஞ்சு படபடக்கிறது? அந்தப் படபடப்பு கென் பல்மர் என்ற எழுத்தாளரின் கைங்கரியம். பத்திரிகை இருவர் பெயரையும் போடவில்லை. பிளாஸ்கோவை ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். பல்மரை நானே விசாரிக்கவில்லை. நானும் ஓர் எழுத்தாளன்!

"முதலில் திருடன்தான். மேலே படி" என்றேன்.