ஓப்பன்பேக் ஹெட்போனும் இயர்பேடும்: திருவண்ணாமலைச் சூழலில் ஒரு பார்வை

ஓப்பன்பேக் ஹெட்போன் என்பது, ஒலியெழுப்பும் பாகமான டிரைவருக்குப் பின்னால் அடைப்பு எதுவும் இல்லாமல், கம்பிவலையோ துளையிட்ட பிளாஸ்டிக்கோ மட்டும் போட்டுச் செய்யப்படும் ஹெட்போன். டிரைவரின் சவ்வு அசையும்போது பின்பக்கக் காற்று தங்குதடையின்றி வெளியேறிவிடும். மூடிய கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பும் ஒலி இதில் இல்லை. அதனால் பாட்டு மண்டைக்குள் அடைபட்டுக் கிடக்காமல், காதுக்குச் சற்று வெளியே விரிந்து கேட்கிறது. அதற்குப் பதிலாக இரண்டை விட்டுக்கொடுக்க வேண்டும்: தெருச் சத்தம் உள்ளே வரும், ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இந்த வகையில் விலை குறைந்தவற்றைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள், காதைச் சுற்றி உட்காரும் இயர்பேடை (கடைகளில் குஷன் என்றும் ஸ்பாஞ்ச் என்றும் கேட்டாலும் கிடைக்கும்) தேய்ந்தால் மாற்றும் உதிரிபாகமாக மட்டும் பார்ப்பதில்லை. ஒலியைத் தீர்மானிக்கும் உறுப்புகளில் ஒன்றாகவே நடத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கையில் இது வேலையற்றவர்களின் கிறுக்குபோலத் தோன்றும். ஆனால் திருவண்ணாமலை போல வெயிலும் வியர்வையும் மிகுந்த ஊரில், எந்த ஹெட்போனை வாங்குவது என்ற கேள்விக்கு இயர்பேடிலிருந்து விடை தேடுவதே சரியான கணக்கு.

இவ்வகையின் வரலாறே பஞ்சிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் எச்டி 414 என்ற ஹெட்போனை வெளியிட்டது. அதற்கு முன் நல்ல ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடும் கனத்த கிண்ணங்கள்தான். எச்டி 414 மஞ்சள் நிற ஃபோம் வட்டங்களைக் காதின் மேல் இலேசாக வைத்தது. கிண்ணமும் இல்லை, இறுக்கமும் இல்லை. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. சோனி 1979 ஜூலையில் ஜப்பானில் வாக்மேனை அறிமுகப்படுத்தியபோது அதனுடன் தந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஸ்பாஞ்ச் போட்ட இலேசான ஹெட்போன்தான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் வாக்மேன் வந்த காலத்தில், தமிழ்நாட்டு வீடுகள் அந்தப் பெயர் தெரியாமலேயே ஓப்பன்பேக் ஹெட்போனில் பாட்டுக் கேட்டன. அவற்றில் முதலில் பழுதானதும் ஸ்பாஞ்சுதான். கருகி, தூள்தூளாக உதிர்ந்து, பிறகு வெறும் பிளாஸ்டிக் காதில் குத்தும். ஒயரும் டிரைவரும் நன்றாக இருக்க, சில ரூபாய் ஸ்பாஞ்சு கிடைக்காமல் பரணுக்குப் போன ஹெட்போன்கள் ஏராளம். இன்று ஆர்வலர்கள் இயர்பேடைத் தேடி அலைவதை அந்தக் குறைக்குத் தாமதமாக வந்த பரிகாரம் என்றே சொல்லலாம்.

இயர்பேட் ஒலியை மாற்றும் விதம் மூன்று. முதலாவது தூரம். பேட் தடிமனாக இருந்தால் டிரைவர் காதிலிருந்து விலகும், நசுங்கினால் நெருங்கும். சில மில்லிமீட்டர் வேறுபாடே மேல்சுருதி ஓசைகளின் கூர்மையை மாற்றப் போதும். இரண்டாவது கசிவு. துணி காற்றை விடும், ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் விடாது. காற்று கசிந்தால் அடியோசை, அதாவது பேஸ், குறையும். ஓப்பன்பேக் ஹெட்போன்களில் ஏற்கெனவே மிகத் தாழ்ந்த பேஸ் சற்று மெலிந்துதான் இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு உடனே காதில் படுகிறது. மூன்றாவது பேடின் உள்சுவர். வழுவழுப்பான தோல் உயர்ந்த ஓசைகளைத் திருப்பி அனுப்பும். துணியும் துளையிட்ட தோலும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு எளிய சான்று தைவானின் சூப்பர்லக்ஸ் எச்டி 668பி, எச்டி 681 ஆகிய மலிவு ஹெட்போன்கள். அவற்றோடு வரும் செயற்கைத் தோல் பேடில் 'ச', 'ஷ' ஓசைகள் குத்துகின்றன என்பது பரவலான குறை. வியன்னாவின் ஏகேஜி கே240க்கென்று செய்யப்படும் வெல்வெட் போன்ற துணிப் பேடைப் போட்டால் அந்தக் குத்தல் தணிகிறது என்பதே அவற்றை வைத்திருப்போரிடையே மிகப் பிரபலமான வைத்தியம். அமெரிக்காவின் புரூக்ளினில் தயாராகும் கிராடோ ஹெட்போன்களின் ஆர்வலர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எச்டி 414இன் அதே மஞ்சள் ஃபோமை வாங்கி, நடுவில் 25 சென்ட் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்கு வட்டமாக வெட்டியெடுத்து, கிராடோவில் மாட்டினார்கள். ஓட்டை இல்லாவிட்டால் ஃபோம் மேலோசையை அமுக்கிவிடும். ஓட்டை பெரிதானால் கூர்மை கூடிவிடும். ஒரு நாட்டுப் பஞ்சை இன்னொரு நாட்டு ஹெட்போனில் நாணய அளவில் வெட்டிப் போடும் இந்தக் கைவேலையில், இந்தப் பொழுதுபோக்கின் ருசி முழுவதும் அடங்கியிருக்கிறது.

திருவண்ணாமலைக்கு வருவோம். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடும் ஊர் அது. மலையின் பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம். செயற்கைத் தோலுக்கு இந்த இரண்டும் சேர்ந்த சூழல் எமன். பேட்களில் பெரும்பாலும் பயன்படும் தோல், துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பாலியூரித்தேனின் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. வெப்பம் அந்த வேலையை வேகப்படுத்துகிறது. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கைகொடுக்கின்றன. பெட்டியிலேயே வைத்திருந்தாலும் படலம் உரிவதற்குக் காரணம் இதுவே. முதலில் சுருக்கம் விழும். பிறகு பாட்டுக் கேட்டு எழுந்தவரின் காதோரத்திலும் சட்டைக் காலரிலும் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். துணிப் பேட் உரியாது; ஆனால் எண்ணெயை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், உள்ளே இருக்கும் ஃபோம் நாளடைவில் தன் எழுச்சியை இழக்கும். இரண்டிலும் துணியே இந்த ஊருக்கு ஏற்றது: காற்று போகும், காது வேகாது, கழற்றி இலேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். ஓப்பன்பேக் ஹெட்போன்களில் பெரும்பாலானவை துணியோடோ ஃபோமோடோ வருவதால், குளிர்நாட்டு ஸ்டூடியோக்களுக்காகச் செய்த பொருள் நம் சித்திரை வெயிலுக்கு எதிர்பாராமல் பொருந்திப்போகிறது. மூடிய ஹெட்போனை அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி நின்ற அறையில் கால் மணி நேரம் மாட்டியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேட் தேயும் ஊரில் பேட் மாற்ற முடியாத ஹெட்போன் மலிவாக இருந்தாலும் மலிவல்ல. பிலிப்சின் எஸ்எச்பி 9500 இதற்கு எடுத்துக்காட்டு: 50 மில்லிமீட்டர் டிரைவர், கழற்றி மாட்டும் ஒயர், செல்போனிலேயே நன்றாக ஓடும் 32 ஓம் மின்தடை, விலைக்கு மிஞ்சிய ஒலி. ஆனால் அதன் பேட் எளிதாகக் கழற்றுவதற்காகச் செய்யப்படவில்லை. நெம்பியெடுத்துத்தான் புதியதைப் பொருத்த வேண்டும். கே240 வகையில் அந்தத் தொல்லை இல்லை. பேடின் பின்விளிம்பில் பாவாடை மடிப்புபோல ஒரு மெல்லிய துணி அல்லது ரப்பர் உதடு இருக்கும். அது கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் கவ்வியிருக்கும். ஒரு பக்கம் விரலைக் கொடுத்து இழுத்தால் கழன்றுவிடும். புதியதை மாட்டும்போது ஓரிடத்தில் உதட்டை விளிம்புக்குப் பின்னால் செருகி, அங்கே ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கட்டைவிரலால் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கடைசி இரண்டு அங்குலம்தான் பிடிவாதம் பிடிக்கும். பழைய ஏடிஎம் கார்டின் முனை அதற்கு உதவும். இந்த வேளையில் டிரைவரை மூடியிருக்கும் மெல்லிய ஃபோம் தட்டை அழுத்தக் கூடாது. உதிர்ந்த தலைமுடி ஒன்று உள்ளே போய்ச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் தவில் அடியில் 'கிர்' என்ற அதிர்வு கேட்கும். டிரைவர் கிழிந்துவிட்டது என்று பலர் தவறாக நினைப்பது இந்த முடியைத்தான்.

இனி மறுப்புகள். கோயில் நகரத்தில் வெளிச்சத்தத்தைத் தடுக்காத ஹெட்போன் எதற்கு என்பது முதல் கேள்வி, வலுவான கேள்வியும்கூட. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைந்து வழிகிறது. பேருந்து ஹாரன், கடைகளின் பதிவு செய்த கூவல், குழாய் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல். தீபத் திருநாளில் கேட்கவே வேண்டாம். இந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க ஒலியைக் கூட்டினால் காது கெடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுமைக்கும் மிஞ்சுவது 4 மணி நேரமே. ஆகவே மாட வீதியில் குடியிருப்பவர் விழா நாளில் ஓப்பன்பேக்கைப் பெட்டியில் வைத்துவிடுவதுதான் நல்லது; அந்த அளவில் மறுப்பு முழுவதும் சரி. ஆனால் ஆண்டு முழுவதும் விழா இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன; பண்டிகைகளுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்றாலும் அது ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. விதி எழுத்தில் இருப்பதுபோல் எங்கும் நடக்கிறதா என்பது வேறு விஷயம். இருந்தும் செங்கம் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் ஊரின் ஓரங்களிலும் பின்னிரவும் விடியற்காலையும் உண்மையிலேயே அமைதியானவை. ஓப்பன்பேக் அந்த வேளைக்கான கருவி. வீட்டில் யாராவது கூப்பிட்டால் காதில் விழும், காலிங்பெல் கேட்கும். தனியாகப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இதையே ஒரு வசதியாகக் கொள்ளலாம்.

என்ன கேட்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. தமிழ் வீடுகளில் கேட்கப்படுவதில் பெரும்பகுதி மனிதக் குரலும் நடுச்சுருதி வாத்தியங்களும்: பாராயணம், சொற்பொழிவு, பழைய திரைப்பாடல், வீணை, வயலின். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் இடங்களில், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது மூடிய மலிவு ஹெட்போனில் குழம்பிவிடுகிறது. நடுச்சுருதி சமமாக உள்ள ஓப்பன்பேக்கில் பிரிந்து கேட்கிறது. மோனோவில் பதிவான கே.பி. சுந்தராம்பாள் பாடல்களில் இந்த விரிவு எதுவும் கிடைக்காது. குரல் நட்டநடுவிலேயே நிற்கும். அங்கே கிடைப்பது குரலின் இயல்பான தடிமன் மட்டுமே. அதிரும் பேஸை எதிர்பார்த்து இன்றைய குத்துப்பாட்டுக்காக ஓப்பன்பேக் வாங்குபவர் ஏமாறுவார், எந்தப் பேடைப் போட்டாலும்.

இரண்டாவது மறுப்பு பொறியியல் சார்ந்தது. ஹெட்போனை வடிவமைத்தவர் ஒரு குறிப்பிட்ட பேடை வைத்துத்தான் ஒலியைச் சமன் செய்திருப்பார். கண்ட பேடையும் மாட்டுவது அந்த உழைப்பைக் கெடுப்பதாகும் என்கிறார்கள். இது பெரும்பாலும் உண்மை. சென்ஹைசரின் 1997ஆம் ஆண்டு எச்டி 600, 2003ஆம் ஆண்டு எச்டி 650, 2016இல் 199 டாலருக்கு வந்து பலரை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்த எச்டி 6எக்ஸ்எக்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே மூலப் பேட்தான். அவற்றில் தடித்த தோல் பேடைப் போட்டவர்கள் பலர் கடைசியில் மூலப் பேடுக்கே திரும்புகிறார்கள். ஆனால் இந்த மறுப்பு சொல்ல மறக்கும் ஒன்று உண்டு: நசுங்கிப்போன மூலப் பேடும் வடிவமைத்தவர் நினைத்த பேட் அல்ல. அதன் தடிமன் போய்விட்டது, டிரைவர் காதோடு ஒட்டிவிட்டது, ஒலியின் சமநிலை நகர்ந்துவிட்டது. இது மாதக்கணக்கில் மெல்ல நடப்பதால் காது பழகிவிடுகிறது. புதிய பேடை மாட்டிய அன்றுதான் எவ்வளவு மாறியிருந்தது என்பது தெரியும். வடிவமைத்தவரின் எண்ணத்தைக் காப்பாற்றவே பேடை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆக, நன்றாக வடிவமைத்த ஹெட்போனில் அதே வகைப் பேடையும், சூப்பர்லக்ஸ் போலக் குறையோடு வந்ததில் வேறு வகையையும் போடுவதே பொருத்தம். ஈக்வலைசர் செயலியாலேயே ஒலியைத் திருத்திவிடலாமே என்பார்க்கு: திருத்தலாம், காசும் மிச்சம். ஆனால் செயலி வியர்வையைத் துடைக்காது, உரிந்த ரெக்சினையும் ஒட்டாது.

பணக் கணக்கில் ஓர் எல்லை இருக்கிறது. பேடின் விலை ஹெட்போன் விலையில் பாதியைத் தாண்டினால், ஆர்வத்துக்குச் செய்யலாமே தவிர சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஜாக் இல்லாத செல்போன்களுக்கு ஒரு சிறு டாங்கிள் தேவை. 300 ஓம் சென்ஹைசர்களுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தரும் டாங்கிளோ ஆம்ப்ளிஃபயரோ வேண்டும். முதல் முறை வாங்குபவர் 32 முதல் 55 ஓம் வரை உள்ளதோடு நின்றுகொள்ளலாம். பேடுக்கென்று திருவண்ணாமலையில் தனிக்கடை தேட வேண்டியதில்லை. இணைய வணிகம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறது, சென்னை ரிச்சி தெரு பக்கம் போகிறவரிடம் சொல்லியும் விடலாம். வாங்குமுன் கிண்ணத்தின் குறுக்களவை ஸ்கேலால் அளந்துகொள்வது முக்கியம்.

கே240 அளவு, அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வட்டம், இந்த விஷயத்தில் தனி இடம் பெறுகிறது. அந்த ஹெட்போன் 1970களின் நடுவில் வந்தது. 1947இல் தொடங்கிய ஏகேஜி பின்னர் ஹார்மன் குழுமத்துக்குப் போனது; 2017இல் ஹார்மனைச் சாம்சங் வாங்கியது. வியன்னா அலுவலகம் அதே ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் அந்த வட்டத்தைச் சூப்பர்லக்ஸும் சாம்சன் என்ற வேறொரு நிறுவனமும் தங்கள் மலிவு ஹெட்போன்களுக்கு எடுத்துக்கொண்டதால், அந்த அளவில் பேட் செய்யும் பட்டறைகள் இன்றும் பல இருக்கின்றன. விலை குறைந்த ஓப்பன்பேக்கை முதல் முறை வாங்குபவர், ஒலி ஒப்பீடுகளைப் படிக்குமுன், அதன் பேட் அளவில் வேறு எத்தனை நிறுவனங்கள் பேட் விற்கின்றன என்று பார்ப்பது நல்லது.