மேசைத்திரைச் சிறுகருவிகளும் முறைவழியாக்கியின் ஓய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினித்திரையின் ஓரத்தில் கடிகாரமாகவும் நாட்காட்டியாகவும் வானிலை அறிவிப்பாகவும் நிற்கும் சிறுகருவிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் தோற்றப்பொலிவையே பெரிதும் விதந்துரைப்பர். அவை முறைவழியாக்கியின் உழைப்பை எவ்வளவு உண்டன என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. கொழும்பில் வாழ்வோர்க்கு அது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. மின்பற்றாக்குறை காரணமாக 1996 மே மாதத்தில் இந்நாட்டின் கடிகாரங்களே ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டன; 2022 மார்ச் இறுதியிலோ நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. வெள்ளவத்தை அடுக்குமாடியிலாயினும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலாயினும் அவ்வேளையில் மடிக்கணினிக்கு அதன் மின்கலமே கதி.

1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினியின் மேசைத் துணைக்கருவிகள் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டன. தன்னை எத்துணை இடைவெளியில் அழைக்கவேண்டும் என்பதை, விநாடியின் 60இல் ஒரு கூறாகிய அலகில், ஒவ்வொரு கருவியும் தானே குறித்துவைத்தது. எக்ஸ் சாளர முறைமையின் எக்ஸ்குளொக் என்னும் முட்கடிகாரம் இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறையே தன் முகத்தைப் புதுப்பித்தது. அவ்விடைவெளியை 30 விநாடியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தாலன்றி விநாடிமுள் தோன்றாது. விநாடிமுள்ளை ஆடம்பரமாகக் கருதிய காலம் அது போலும்!

2003இல் ஆர்லோ ரோஸ், பெரி கிளார்க் ஆகியோர் வெளியிட்ட கொன்ஃபபுலேற்றர், ஜாவாஸ்கிரிப்ற் அறிந்த எவரும் சிறுகருவி எழுதலாம் என்னும் நிலையைத் தோற்றுவித்தது. இது வரவேற்கத்தக்கதே, ஆயினும் கடிவாளம் தளர்ந்தது. மாறாத படத்தையும் விநாடிதோறும் மீளவரையும் நிரல்கள் பெருகின. 2005இல் டாஷ்போர்டை அளித்த அப்பிள் நிறுவனம், கருவி மறைந்ததும் நேரமானிகளை நிறுத்துமாறும் வெளிப்பட்டதும் மீளத் தொடக்குமாறும் நிரலர்க்கு அறிவுறுத்தி, அவ்விரு நிகழ்வுகளையும் உணர்த்தும் வசதியையும் வழங்கியது.

சிறுவேலையாயினும் அடிக்கடி நிகழின் ஏன் கேடு விளைகிறது? நீண்ட ஓய்வு கிடைத்தாலே முறைவழியாக்கி ஆழ்துயில் கொள்ளும். நிமிடம் மட்டும் காட்டும் கடிகாரம் மணித்தியாலத்தில் 60 தடவை அதனை எழுப்பினாற் போதும். விநாடி காட்டுவது 3,600 தடவை எழுப்பும். விநாடிக்குப் பத்து முறை அசையும் அலங்காரமோ 36,000 தடவை. 2007இல் இன்ரெல் வெளியிட்ட பவர்ரொப், எந்நிரல் எத்தனை முறை எழுப்புகிறது என்பதை லினக்ஸ் பயனருக்குப் பட்டியலிட்டுக் காட்டியது. குற்றவாளிகள் அப்போதுதான் பெயருடன் அகப்பட்டனர்.

பாதுகாப்புக் குறைபாடுகளால் மைக்ரோசொப்ற் தன் சிறுகருவிகளை 2012இல் கைவிட்டது; டாஷ்போர்ட் 2019இல் நீக்கப்பட்டது. நோய் இணையப் பக்கங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பின்னணியிலுள்ள பக்கங்களின் நேரமானிகள் விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் இயங்காதவாறு குறோமும் ஃபயர்பொக்ஸும் 2011இலேயே தடைவிதித்துவிட்டன.