எலெக்டோரல் காலேஜ்

அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் 538 பேரின் தொகுதிக்கு வழங்கும் இப்பெயரிலுள்ள ‘காலேஜ்’ கல்விச்சாலையைக் குறிப்பதன்று. சகாக்களின் குழு எனப் பொருள்படும் ‘கொலேஜியம்’ என்ற லத்தீன் சொல்லினின்று பிறந்தது. 1787இல் வரையப்பட்ட அரசியல் சாசனமோ ‘எலெக்டர்கள்’ என்று மாத்திரமே கூறும். அவர்களும் ஒருங்கே கூடுவதில்லை, டிசம்பரில் தத்தம் மாநிலத்திலேயே கூடி, சீட்டில் வாக்கெழுதிக் கொடுத்துக் கலைந்துவிடுவர். வாக்குரிமையற்ற அடிமைகளை மக்கள்தொகையில் ஐவருக்கு மூவராகக் கணக்கிட்டுத் தென் மாநிலங்களின் பலத்தைப் பெருக்கிய அநீதி இவ்வேற்பாட்டின் பிறப்பிலேயே கலந்திருந்தது. 2000 தேர்தலில் தேசமெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்ற அல் கோர், பிளாரிடாவில் 537 வாக்குகள் குறைந்தமையால் அம்மாநிலத்து எலெக்டர்கள் அனைவரையும் இழந்து தோற்றாரென்பது ஜனநாயகத்துக்கு இழைக்கப்பட்ட துரோகமென்றே கருதுகிறேன். 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கு மேல் அதிகம் விழுந்தும் பதவி கிட்டவில்லை.